முடியை விட்டுப்போன பாண்டியன்

தேனியில் கம்பம் பஸ் ஏறி வீரபாண்டியைத் தாண்டினால் ஜன்னலுக்கு வெளியே நெல், வாழை, தென்னை. பெரியாற்றுத் தண்ணீர் செய்யும் வேலை. சின்னமனூரில் இறங்கிப் பூலாநந்தீசுவரர் கோயிலுக்கு நடந்தேன். ராசசிம்ம பாண்டியன் இங்குள்ள லிங்கத்தைக் கட்டித் தழுவினான் என்கிறது தலபுராணம். எந்த ராசசிம்மன் என்று புராணம் கவலைப்படுவதில்லை. நான் தேடிப் போனது கடைசி ராசசிம்மனை. சுமார் 900 முதல் 920 வரை ஆண்டவனை.

அவனுடைய 16-ஆம் ஆட்சியாண்டுச் செப்பேடு இந்த ஊரின் பெயரால்தான் அறியப்படுகிறது. நற்செய்கைப்புத்தூர் என்ற ஊருக்கு மந்தரகௌரவமங்கலம் என்று பெயர் மாற்றித் தானம் கொடுத்த பத்திரம் அது. மதுரையில் சங்கம் வைத்ததும், மகாபாரதத்தைத் தமிழாக்கியதும் முன்னோர் பெருமையாக அதில் வருகின்றன. பிறகு அவன் போர்கள்: நைப்பூரில் தஞ்சை மன்னனை வென்றான், வஞ்சியை எரித்தான். படித்தால் தோல்வியே அறியாதவன் போலிருக்கும். ஆனால் ஏறத்தாழ அதே காலத்தில் முதலாம் பராந்தக சோழன் ‘மதுரைகொண்ட’ என்று கல்வெட்டுகளில் போட்டுக்கொள்ளத் தொடங்கிவிட்டான். செப்பேட்டைப் பாடிய புலவனுக்குக் கூலி கொடுத்தவன் பாண்டியன். அந்தப் பேச்சு அப்படித்தான் இருக்கும்.

மிச்சக் கதை இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சத்தில் கிடைக்கிறது. இலங்கை மன்னன் ஐந்தாம் காசியபன் பாண்டியனுக்குத் துணையாகப் படை அனுப்பினான். 915 வாக்கில் வெள்ளூரில் இரண்டு படைகளையும் சோழன் முறியடித்தான். கொள்ளைநோயில் இலங்கைத் தளபதி செத்துப்போக, மிஞ்சிய படை ஊர் திரும்பியது. பிறகு ராசசிம்மனே கடல் கடந்து இலங்கைக்கு ஓடினான். அங்கே பிரபுக்களுக்குள் சண்டை, உதவி கிடைக்கவில்லை. மணிமுடியையும் அரச சின்னங்களையும் இலங்கையிலேயே விட்டுவிட்டுச் சேர நாட்டுக்குப் போனான். அவன் தாய் வானவன் மாதேவி அந்த நாட்டுப் பெண். கம்பத்துக்கு மேற்கே தெரியும் மலைகளுக்கு அந்தப் பக்கம், தாய்வீடு.

சிலுவைப் போருக்குப் போய், 1192-இல் எருசலேமுக்குள் நுழையாமலே கப்பலேறிய இங்கிலாந்து ரிச்சர்டை உலகம் வீரன் என்று கொண்டாடுகிறது. நம் பாண்டியனை நாம் ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். இது எனக்கு நியாயமாகப் படவில்லை. தோற்ற பிறகும் முடியை எதிரி கையில் சேரவிடாதவன் அவன்.

பராந்தகனை அது உறுத்திக்கொண்டே இருந்தது. வயதான காலத்தில் இலங்கை மன்னன் நான்காம் உதயனிடம் ஆள் அனுப்பி முடியைக் கேட்டான். மறுத்ததும் படை போனது. உதயன் முடியோடு தென்னிலங்கையின் உரோகண நாட்டுக்குத் தப்பிப் போனான்; சோழப்படை அது கிடைக்காமலே திரும்பியது.

முடி சோழர் கைக்கு வந்தது 1017 வாக்கில், முதலாம் ராசேந்திரன் காலத்தில். ராசசிம்மன் அதை விட்டுப்போய் ஏறத்தாழ நூறாண்டு ஆகியிருந்தது.