அம்மம்மா ஏன் பிடியை விடுவதில்லை?

ஸ்காபரோவில் குளிர்காலம் முடிந்தது என்பதைப் பூக்களுக்கு முன்னம் ரோட்டுக் குழிகள் சொல்லிவிடும். தாரில் உள்ள வெடிப்புகளுக்குள் இறங்கும் தண்ணீர் உறையும்போது கிட்டத்தட்ட 9 வீதம் பருக்கும். பிறகு உருகும், திரும்ப உறையும். மார்ச் மாதத்தில் மார்க்கம் ரோட்டில் எல்லாக் கார்களும் வளைஞ்சு வளைஞ்சு போவது அதனால்தான்.

அப்படி ஒரு நாள் பின்சீட்டில் இருந்து என் மகள் கேட்டாள்: "அம்மா, அம்மம்மா ஏன் எப்பவும் மேலே இருக்கிற பிடியைப் பிடிச்சுக்கொண்டே வாறா?"

முன்சீட்டில் இருந்த என் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

மொன்றியலில் இருக்கிற பெரியம்மாவுக்கு ஜூனில் 80 வயது. "நான் வரேல்லை பிள்ளை, வீடியோவில பாக்கிறன்" என்று அம்மா ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தா. அக்கா தங்கச்சிக்குள் ஏதோ மனஸ்தாபம் என்றுதான் நான் நினைத்தேன். முள்ளந்தண்டு தேய்ந்த ஒருவருக்கு 500 கிலோமீற்றருக்கு மேல் இந்தக் காரில் இருக்க ஏலாது என்பது என் மண்டையில் ஏறவில்லை.

கார் அப்பாவுடையது. 2009 ரொயோட்டா கம்ரி. நான் பல்கலைக்கழகம் போகத் தொடங்கிய காலத்தில் புதிதாக வாங்கினார். வேலை முடிஞ்சு வந்து இரவிரவாக மொன்றியல் ஓடுவார். பின்சீட்டில் நித்திரை கொண்டால் கண் முழிக்கும்போது பெரியம்மா வீட்டு வாசல். அவர் போன பிறகு அதை விற்க மனம் வரவில்லை. என்னுடைய எஸ்யூவி புதுசுதான். ஆனால் அதில் 20 அங்குல வீலும் மெல்லிய ரயரும். அம்மாவுக்கு ஏறி இறங்கவும் கஷ்டம், குலுக்கலும் கூட.

சரி, கம்ரியைத் திருத்துவோம் என்று தொடங்கினேன். முதலில் செய்தது பிழை. ஸ்ட்ரட், ஸ்பிரிங், மவுண்ட் எல்லாம் பூட்டி ஒரே துண்டாக வருகிற மலிவான செட் நாலு வாங்கி, ஒரு கராஜில் போடச் சொன்னேன். கார் ஆடுவது நின்றது. ஆனால் ஒவ்வொரு குழியும் இப்போது நேரே முதுகுக்கு வந்தது. அம்மா "இப்ப பரவாயில்லை" என்றா. பிடியை மட்டும் விடவில்லை.

இரண்டாவது தரம் எங்கட ஆள் ஒருவரின் சின்னக் கராஜுக்குப் போனேன். அவர் காரைத் தூக்கவேயில்லை. முதலில் ரயரில் காற்றைப் பார்த்தார். "ஆர் இவ்வளவு காத்து அடிச்சது?" டிரைவர் கதவைத் திறந்தால் தெரிகிற ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவை விட நல்லாய்க் கூட இருந்தது.

பிறகு விளங்கப்படுத்தினார். "தங்கச்சி, பாரத்தைத் தாங்கிறது ஸ்பிரிங். ஸ்பிரிங்கின்ர ஆட்டத்தை அடக்கிறது ஸ்ட்ரட். சின்னச் சின்ன அடியை விழுங்கிறது றப்பர். நீங்கள் றப்பரை அப்பிடியே விட்டிட்டியள்."

கோட் எழுதுகிற எனக்கு இது வெட்கமாக இருந்தது. பிழை எங்கே என்று பார்க்காமலே மாற்றுவதை வேலையில் நான் ஒருவரையும் செய்யவிடுவதில்லை. அந்த மலிவு செட்டில் வரும் ஸ்பிரிங் பலதரப்பட்ட மொடல்களுக்கும் பொருந்தும்படி செய்ததாம். பாரமான மொடலுக்குக் கணக்குப் பண்ணினது இலகுவான காரில் விறைப்பாகத்தான் நிற்கும். நல்ல காலம், கழற்றின பழைய ஸ்ட்ரட்டுகளை ஸ்பிரிங்கோடு நான் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். பழசை உடனே எறியாதே என்பது அப்பாவின் பழக்கம். ஸ்பிரிங்குகள் முறியவில்லை, துருவும் பெரிதாக இல்லை.

கடைசியில் தெரிவு செய்தது இவ்வளவுதான். அப்பாவின் காரோடு வந்த அதே ஸ்பிரிங். நாலு பக்கமும் கேவைபி எக்செல்-ஜி ஸ்ட்ரட். கேவைபி புதுக் கார்களுக்கும் ஸ்ட்ரட் செய்து கொடுக்கிற யப்பான் நிறுவனம், அதில் இது சாதாரண ரகம். 'ஸ்போர்ட்' என்று போட்டு விற்பது வளைவில் கார் சாயாமல் இருக்கத்தான், முதுகுக்கு இல்லை. புது மேல் மவுண்ட், பம்ப் ஸ்டொப், தூசி மறைப்பு. முன் கொன்ட்ரோல் ஆர்ம் புஷ், ஸ்வே பார் லிங்க். ரயர் கம்பனி போட்ட அளவிலேயே, 16 அங்குலம்.

ஒரு விஷயத்தை அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். புஷ் போல்ட்டுகளைக் கார் தன் பாரத்தில் நிற்கிற உயரத்தில்தான் கடைசியாக இறுக்கவேணும். தொங்கவிட்டு இறுக்கினால் றப்பர் எப்போதும் முறுகியபடியே இருக்கும், ஓட்டம் விறைக்கும், கெதியாய்க் கிழியும். வீட்டிலே செய்து பார்க்க நினைக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: அமுக்கின ஸ்பிரிங் விலகினால் ஆளைக் கொல்லும். அதைக் கராஜில் விடுங்கள். பிறகு அலைன்மெண்டும் பார்க்க மறக்காதீர்கள். இரண்டு தரம் கூலி கொடுத்தது என் அவசரத்துக்கான விலை.

ஜூனில் ஒரு சனிக்கிழமை, விடிய 5 மணிக்கு 401 நெடுஞ்சாலையில் கிழக்கே திரும்பினோம். "ஒஷாவா மட்டும் வந்து பாக்கிறன், நொந்தால் திருப்பு" என்பது அம்மாவின் நிபந்தனை. ஒஷாவா வந்தது, போனது. கோல்போணில் ரோட்டோரத்தில் நிற்கிற அந்தப் பெரிய அப்பிளைக் கண்டதும் மகள் கத்தினாள். இறங்கி அப்பிள் பை வாங்கினோம், அம்மா கொஞ்சம் நடந்தா. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா இறங்கி நடப்பதற்கு எந்த ஸ்ட்ரட்டும் ஈடில்லை.

கிங்ஸ்டன் தாண்டி, ரோட்டுக்காக வெட்டின இளஞ்சிவப்புக் கருங்கல் பாறைகள் இரண்டு பக்கமும் வருகிற இடத்தில் பின்சீட்டில் இருந்து ஒரு குசுகுசுப்பு: "அம்மா, அம்மம்மா பிடியை விட்டிட்டா."

திரும்பிப் பார்த்தேன். அம்மா நித்திரை. கை மடியில்.

கியூபெக் எல்லையில் 401 முடிஞ்சு 20ஆம் இலக்க நெடுஞ்சாலை தொடங்கும். அந்தப் பக்கத்து ரோடுகளின் பெயர் உங்களுக்குத் தெரியும்தானே. இரண்டு மூன்று இடத்தில் கார் தடக்கென்றது. அம்மா கண் முழித்தா, ஆனால் கை மேலே போகவில்லை.

பெரியம்மா வீட்டு வாசலில் காரை நிற்பாட்டின பிறகுதான் சொன்னா: "முந்தி சரியா நொந்தது பிள்ளை. சொன்னால் நீ கொப்பாவின்ர காரை வித்துப்போடுவாய் எண்டு சொல்லேல்லை."

பெல்ட்டைத் தானே கழற்றி, கதவைத் தானே திறந்து இறங்கினா. வாசலில் பெரியம்மா வோக்கரோடு நின்றா.