மயோனைஸுக்குப் பதிலா வடிச்ச தயிர்

மக்களே, 2025 ஏப்ரல் 8 முதல் ஒரு வருஷத்துக்குத் தமிழ்நாட்டுல பச்சை முட்டை மயோனைஸுக்குத் தடை போட்டாங்க, ஞாபகம் இருக்கா? சால்மோனெல்லா மாதிரி கிருமிங்க மேல இருந்த பயம்தான் காரணம். அதுக்குப் பதிலா வீட்டுலயே செய்யற ஒரு தொட்டுக்கிற ஐட்டம் பத்தித்தான் இந்தப் பதிவு.

அரை லிட்டர் கெட்டித் தயிரை வெள்ளைத் துணில கட்டி, வடிகட்டில வச்சு, கீழ ஒரு பாத்திரத்தோட ஃப்ரிட்ஜ்ல மூணு மணி நேரம் விட்டுடுங்க. தண்ணி இறங்கிடும். புரதமும் கொழுப்பும் தங்கிடும். அந்த வழவழப்பு அங்கேருந்துதான் வருது. நசுக்கின பூண்டு ஒரு பல், மிளகுத்தூள், கொத்தமல்லி, உப்பு போட்டுக் கலக்கினா முடிஞ்சது. கை வேலை அஞ்சே நிமிஷம். லெபனான் பக்கம் வடிச்ச தயிருக்கு லப்னேன்னு பேரு.

எங்க வீட்டுல அப்பாவுக்கு சுகர், பாட்டிக்குப் பல் இல்ல, தம்பிக்கு மயோனைஸ் இல்லாம எதுவும் இறங்காது. சாயங்காலம் ஆளுக்கொரு தட்டு, ஆளுக்கொரு மூலை. இது வந்தப்புறம் தம்பி முறுக்கை முக்கறான், அப்பா கேரட், பாட்டி இட்லித் துண்டு. கிண்ணம் ஒண்ணுதான்கிறதால எல்லாரும் ஒரே இடத்துல உக்காந்தாகணும். டிவி ரிமோட் சண்டை தனிக்கதை :)

ரெண்டே டிப்ஸ். வெள்ளரிக்காயைத் துருவி உள்ள போடாதீங்க, உப்பு அதோட தண்ணியை வெளிய இழுத்து மோராக்கிடும். நீளமா நறுக்கித் தொட்டுக்கங்க. வடிஞ்ச தண்ணியைக் கொட்டாதீங்க, அதுல சப்பாத்தி மாவு பிசைஞ்சா நல்லா மெத்துனு வரும்.