பின்பாரம்

மிச்சிகனில் மாப்பிள்ளை ஒரு சின்னப் படகு வாங்கினார். அதைத் தள்ளுவண்டி மாதிரி ஒன்றில் ஏற்றிக் காருக்குப் பின்னால் பூட்டிக்கொண்டு ஏரிக்குப் புறப்பட்டோம். வேகம் பிடித்ததுதான் தாமதம், படகு சாரைப்பாம்பாக நெளிந்து காரையும் ஆட்டியது. பேரன் கைகொட்டிச் சிரித்தான். எனக்கோ பாதி உயிர் போய்விட்டது.

ஓரம் நிறுத்திப் பார்த்தால் வண்டியின் மூக்கு வானத்தைப் பார்க்கிறது! காரின் கொக்கிக் குண்டு 4 அங்குலம் உயரம்.

"பின்பாரம், மாப்பிள்ளை!" என்றேன். மாட்டு வண்டியில் மூட்டை பின்னுக்குச் சரிந்தால் நுகத்தடி மேலே தூக்குமே, அதே சமாசாரம். மொத்தப் பாரத்தில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு மூக்கில் அழுந்த வேண்டும்.

"காருக்கு ஏது மாமா நுகத்தடி?" என்று சிரித்தார். ஆனாலும் ஸ்பானரை எடுத்துக் குண்டைக் கழற்றி, தாங்கியைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினார். வண்டி சமமாக நின்றது.

ஏரி வரை அவர் வேகம் கூட்டவில்லை. நானும் பின்னால் திரும்பிப் பார்ப்பதை நிறுத்தவில்லை.