பதினொரு மணிச் சாப்பாடு

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்)

காலை உணவுக்கும் மதிய உணவுக்கும் இடைப்பட்ட நேரத்தில், இரண்டுக்கும் சேர்த்து ஒரே முறையாக உண்ணும் உணவுக்கு ஆங்கிலேயர் ‘பிரன்ச்’ என்று பெயர் வைத்தனர். ‘பிரேக்ஃபாஸ்ட்’டின் தலையையும் ‘லஞ்ச்’சின் வாலையும் வெட்டி ஒட்டிய சொல் அது. 1895ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கை பெரிங்கர் என்பவர் ‘ஹன்டர்ஸ் வீக்லி’ என்ற ஏட்டில் இந்த உணவுக்காக வாதாடி ஒரு கட்டுரையே எழுதினார். சனிக்கிழமை இரவு நெடுநேரம் விழித்துக் களித்தவன் ஞாயிறு காலையில் எழ வேண்டியதில்லை. நண்பகலை ஒட்டி எழுந்து, தேநீரும் ரொட்டியுமாகத் தொடங்கி, மெல்ல மெல்லக் கனமான உணவுக்குச் செல்லலாம் என்பது அவர் கட்சி. ஆக, பிறவியிலேயே அது தூங்கி எழுந்தவனின் சாப்பாடு.

இயற்பியல் படிக்கிறவனுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பீர்கள். சனி, ஞாயிறுகளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள ஒரு கடலோர விடுதியில் பரிமாறும் வேலைக்குப் போகிறேன். தேர்வுக் கட்டணமும் பேருந்துச் செலவும் அதிலிருந்துதான் வருகின்றன. ஞாயிறுதோறும் அங்கே பிரன்ச் உண்டு. முதல் வாரம் வீட்டில் வந்து சொன்னபோது, “பாண்டிச்சேரியில இருந்தாங்களே, அந்தப் பிரஞ்சுக்காரங்க சாப்பாடாடா?” என்று அம்மா கேட்டாள். எங்கள் பக்கத்தில் அப்படி நினைப்பதில் வியப்பில்லை.

அந்த விடுதியின் சமையற்கூடத்தில் ஒரு மாஸ்டர் இருக்கிறார். அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்துத் துறைமுகமான போர்ட் கனாவெரலிலிருந்து புறப்படும் உல்லாசக் கப்பல்களில் வேலை பார்த்துத் திரும்பியவர். கப்பல் கரையில் நின்ற நாட்களில் அருகிலுள்ள ஆர்லாண்டோவைப் பற்றிக் கேட்ட கதைகளை எங்களுக்குச் சொல்வார். அங்கேதான் 1971 அக்டோபர் முதல் நாள் திறக்கப்பட்ட வால்ட் டிஸ்னி வேர்ல்டு இருக்கிறது. நான்கு பெரிய கேளிக்கைப் பூங்காக்கள், அவற்றைச் சுற்றி இருபதுக்கும் மேற்பட்ட தங்கும் விடுதிகள். அந்த விடுதிகளின் உயர்தர உணவகங்கள் பலவும் மாலையில்தான் திறக்கின்றன என்று அவர் சொன்னதும் எனக்கு ஒரு கேள்வி பிறந்தது. பகலெல்லாம் இவ்வளவு கூட்டம் சுற்றும் இடத்தில் பெரிய உணவகம் ஏன் பூட்டிக் கிடக்க வேண்டும்? அங்கே பிரன்ச் போட்டால் என்ன? அன்று முதல் பேருந்தில் போகும்போதெல்லாம் கைபேசியில் அந்த உணவகங்களைப் பற்றி வாசிப்பது என் பொழுதுபோக்காகிவிட்டது. (சாப்பிடாமலே நிறையும் வயிறு என்று நண்பர்கள் கேலி செய்வர்.)

கான்டெம்பரரி என்ற விடுதியை எடுத்துக்கொள்வோம். டிஸ்னி வேர்ல்டு திறந்த அன்றே திறந்த கட்டடம் அது. அதன் வயிற்றுக்குள்ளேயே மோனோரயில் ஓடுகிறது. மேஜிக் கிங்டம் பூங்காவுக்கு அங்கிருந்து நடந்தே போய்விடலாம். அதன் 15ஆம் மாடியில் ‘கலிஃபோர்னியா கிரில்’ என்ற உணவகம் 1995இல் தொடங்கியது. இரவில் பூங்காவின் வாணவேடிக்கையை அங்கிருந்து பார்த்துக்கொண்டே உண்ணலாம் என்பதால் அதற்குப் பெரும் பெயர். 2020க்கு முந்திய சில ஆண்டுகள் ஞாயிறுதோறும் அங்கே பிரன்ச் நடந்தது. பெருந்தொற்றின்போது எல்லாம் மூடப்பட்டது. மீண்டும் திறந்தபோது திரும்பி வந்தது மாலை உணவு மட்டுமே. பிரன்ச் வேண்டுவோர் பக்கத்திலுள்ள டிஸ்னி ஸ்பிரிங்ஸ் கடைவீதிக்குப் போகலாம். அங்கே ‘ஹோம்கமின்’, ‘வைன் பார் ஜார்ஜ்’ போன்ற உணவகங்கள் வார இறுதி பிரன்ச்சால் பெயர் பெற்றவை. ஆனால் அது கடைவீதி. மாடியிலிருந்து பூங்கா தெரியாது.

உயர்தர உணவகம் காலையில் திறக்கவே முடியாது என்றும் சொல்வதற்கில்லை. ரிவியரா விடுதியின் உச்சியில் 2019 டிசம்பரில் திறந்த ‘டோபோலினோஸ் டெரஸ்’ மாலையில் ஐரோப்பியக் கடற்கரைச் சமையல் பரிமாறும் இடம். காலையிலோ மிக்கி மவுஸ் ஓவியன் வேடத்தில் வந்து குழந்தைகளோடு கைகுலுக்குகிறார். கலிஃபோர்னியாவில் உள்ள டிஸ்னிலாந்தின் ‘நாப்பா ரோஸ்’ உணவகமும் அதே 2019இல் இளவரசிகள் வரும் காலை விருந்தைத் தொடங்கியது. வேடமிட்டவர் வந்தால் கதவு திறக்கிறது. வெறும் பசி வந்தால் திறப்பதில்லை! மாஸ்டர் இதைக் கேட்டு வெகுநேரம் சிரித்தார்.

பிரன்ச் வேண்டாம் என்போரின் முதல் வாதம் வலுவானது. கேளிக்கைப் பூங்காவுக்குப் போகிறவர் விலைக்கு வாங்குவது நேரத்தை. ஒருவருக்கு ஒரு நாள் நுழைவுச்சீட்டே 100 டாலருக்கு மேல். அப்படி வாங்கிய பகலில் இரண்டு மணி நேரத்தை ஒரு மேசையில் உட்கார்ந்து கரைப்பவர் உண்டா? மேலும், டிஸ்னியின் விடுதிகளில் தங்குவோரை 2021 முதல் மற்றவர்க்கு அரை மணி முன்னதாகவே பூங்காவுக்குள் விடுகிறார்கள். அதைப் பயன்படுத்த விடியலிலேயே எழ வேண்டும். பெரிங்கர் நினைத்த சோம்பல் மனிதன் அங்கே இல்லவே இல்லை. தூங்கி எழுந்தவனின் சாப்பாட்டைத் தூங்காதவனுக்கு எப்படி விற்பது?

இந்த வாதத்தைப் பல நாள் நானும் சரியென்றே எண்ணிக்கொண்டிருந்தேன். பதில் எனக்கு எங்கள் ஊர் வயலில் கிடைத்தது.

நடவு நாட்களில் அம்மா நாலரை மணிக்கு எழுவாள். வாசல் தெளித்து, அடுப்பு மூட்டி, எனக்கும் தங்கைக்கும் வைக்க வேண்டியதை வைத்துவிட்டு, ஒரு டம்ளர் தேநீரோடு ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவாள். வெயில் ஏறுமுன் பாதி வேலை முடிய வேண்டும். பத்தரை, பதினொன்றுக்குத்தான் கரையேறுவார்கள். சேற்றுக் கையை வாய்க்காலில் கழுவிவிட்டு, வேப்பமர நிழலில் தூக்குவாளியைத் திறப்பார்கள். பழைய சோறு, மோர்மிளகாய், சின்ன வெங்காயம். முந்தின நாள் குழம்பு இருந்தால் அதுவும். ஒருத்தி கொண்டுவந்த ஊறுகாய் ஒன்பது பேருக்குப் போகும். அது காலைச் சோறா, மதியச் சோறா என்று அவர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். அந்த அரை மணி நேரம் அவசரமே இராது. கதை பேசுவார்கள், கால் நீட்டுவார்கள், வயதானவர்கள் வெற்றிலை போடுவார்கள். பிறகு மீண்டும் இறங்குவார்கள்.

விடுதியில் பிரன்ச் என்ற பெயரில் நான் பரிமாறும் உணவை அம்மா ஆயுள் முழுவதும் அதே நேரத்தில் உண்டுவருகிறாள். வேறுபாடு ஒன்றுதான். பெரிங்கரின் பிரன்ச் வேலைக்கு முன்னால் வருவது, இல்லை, வேலையே இல்லாத நாளில் வருவது. அம்மாவின் சாப்பாடு பாதி வேலை முடிந்த பிறகு வருவது. கேளிக்கைப் பூங்காவில் காலை எட்டு மணிக்கு நுழைந்து, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாக நின்று, பதினொரு மணிக்குக் கால் கடுக்க நிற்கும் குடும்பத்துக்குத் தேவைப்படுவது இந்த இரண்டாவது வகை. அவர்களை உழைப்பாளிகள் என்று சொல்ல வரவில்லை. இன்பத்துக்காகச் செய்தாலும் உடம்புக்குக் களைப்பு களைப்புத்தானே!

இங்கே கொஞ்சம் என் பாடத்துக்கு வருகிறேன். ஃபுளோரிடா ஒரு தீபகற்பம். கோடையில் தரை வேகமாகச் சூடேறுவதால் கிழக்கே அட்லாண்டிக்கிலிருந்தும் மேற்கே வளைகுடாவிலிருந்தும் கடற்காற்று உள்ளே வீசுகிறது. இரண்டும் நடுநிலத்தில் மோதும்போது ஈரக்காற்று மேலெழும்பிக் குளிர்ந்து, பிற்பகலில் இடியுடன் மழையாகக் கொட்டுகிறது. ஆர்லாண்டோ அந்த நடுநிலத்தில்தான் இருக்கிறது. மின்னல் அருகில் வந்தால் திறந்தவெளிச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். ஆகவே கோடையில் நண்பகல் தொடங்கி மூன்று, நான்கு மணிவரை பூங்காவில் வெயில் அல்லது மழை. விவரம் தெரிந்தவர்கள் பதினொரு மணிவாக்கில் விடுதிக்குத் திரும்பி, குழந்தைகளைத் தூங்கவைத்து, மாலையில் மறுபடி போகிறார்கள். அப்படித் திரும்புகிறவர்களுக்கு நடைதூரத்தில், 15ஆம் மாடியில், குளிர்ந்த அறை ஒன்று காத்திருக்கிறது. அது மாலைவரை பூட்டியிருக்கிறது. நேரம் வீணாகும் என்ற வாதம் இங்கே விழுந்துவிடுகிறது. அந்த இரண்டு மணி நேரம் எப்படியும் வீண்தான்.

இரண்டாவது வாதத்தை மறுப்பது எனக்கு அவ்வளவு எளிதாக இல்லை. அது சமையற்காரர்களின் வாதம்.

ஆந்தனி போர்டெய்ன் என்ற அமெரிக்கச் சமையற்கலைஞர் 2000இல் வெளியிட்ட ‘கிச்சன் கான்ஃபிடென்ஷியல்’ என்ற நூலில் பிரன்ச்சைத் தாளித்து எடுத்தார். வெள்ளி, சனி இரவுகளில் மீந்தவை ஞாயிறன்று வேறு பெயரில் மேசைக்கு வருகின்றன; நல்ல சமையற்காரர்கள் அந்த வேலையை வெறுக்கிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. பிரன்ச்சின் தலைவனான எக்ஸ் பெனடிக்ட்டின் மேல் ஊற்றும் ஹாலண்டேஸ் குழம்பையும் அவர் விடவில்லை. முட்டைக் கருவும் வெண்ணெயும் சேர்ந்த குழம்பு. அதிகம் சூடாக்கினால் திரிந்துவிடும், ஆறவிட்டால் உறைந்துவிடும். இளஞ்சூட்டில் மணிக்கணக்காக வைத்தால் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். மாஸ்டரிடம் கேட்டேன். “அவர் சொன்னதுல பொய் இல்ல தம்பி. ஆனா அது பிரன்ச்சோட குத்தம் இல்ல. சனிக்கிழமை ராத்திரி ஒரு மணிக்குப் பாத்திரம் கழுவினவனையே ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்கு நிக்க வெச்சா, அவன் என்னத்த சமைப்பான்?” என்றார்.

அதை நான் கண்ணால் பார்க்கிறேன். எங்கள் விடுதியில் பிரன்ச் பன்னிரண்டிலிருந்து மூன்றரை வரை. நாற்பது வகைக்குக் குறையாது. நாங்கள் எட்டு மணிக்கு நிற்கத் தொடங்கினால் மூன்றரைக்குப் பிறகு மேசை துடைத்து, துணி மாற்றி, நாலரைக்குத்தான் எங்கள் சோறு. விருந்தினர் சாப்பிடும் நேரத்தின் மணமெல்லாம் எங்கள் மூக்கு வழியாகத்தான் போகும். மீந்த கேக்குகளை எண்ணி எழுதிவிட்டுத் தொட்டியில் கொட்ட வேண்டும். கையில் எடுத்தால் அன்றைய கூலி போயிற்று. நடவு வயலில் பதினொரு மணிக்குக் கரையேறும் அம்மாவைவிட, ஐந்து நட்சத்திரக் கூரையின்கீழ் நிற்கும் மகன் பசித்திருக்கிறான் என்பதை நான் வீட்டில் சொல்வதில்லை.

டிஸ்னி வேர்ல்டில் தொழிலாளர்க்குச் சங்கம் இருக்கிறது. 2023இல் நீண்ட பேச்சுக்குப் பிறகு குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 18 டாலராக உயர்த்தும் ஒப்பந்தம் ஏற்பட்டது. சுமார் 45,000 பேருக்கு அது பொருந்தியது. அமெரிக்காவில் பரிமாறுகிறவருக்கு வாடிக்கையாளர் தரும் டிப்ஸ்தான் பெருவருமானம். எனவே கூடுதலாக ஒரு வேளை உணவு என்றால் அவர் மகிழ்வார். உள்ளே அடுப்பின் முன் நிற்பவருக்கோ அது கூடுதல் வெப்பம் மட்டும்தான். தவிர, மாலை உணவகம் பகலில் சும்மா இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்ப்பவர்க்குத்தான் தோன்றும். எலும்புச்சாறு கொதிப்பதும் மீன் அறுப்பதும் ரொட்டி சுடுவதும் அந்தப் பூட்டிய நேரத்தில்தான். அதே அடுப்பில் பிரன்ச்சையும் ஏற்றினால் இரண்டும் கெடும்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்த பின்பும், பிரன்ச் போடத்தான் வேண்டும் என்பதே என் முடிவு. ஆனால் நாற்பது வகையை நீளமாகப் பரப்பும் பந்தி வேண்டாம். எட்டுப் பத்து உணவுகள், கேட்டபின் சமைத்துத் தட்டில் வரட்டும். பத்தரைக்குத் தொடங்கி ஒரு மணிக்கு முடியட்டும். அதற்குமேல் போனால் மாலைச் சமையலின் கழுத்தைப் பிடிக்கும். வார இறுதி மட்டும் என்பதும் பூங்கா விடுதிக்குப் பொருந்தாது. அங்கே தங்குகிறவனுக்கு ஏது ஞாயிறு, ஏது புதன்? ஊருக்குப் புறப்படும் நாளில் பதினொரு மணிக்கு அறையைக் காலி செய்துவிட்டு, விமானத்துக்கு நேரம் இருக்கிறவன் எந்தக் கிழமையிலும் இருப்பான். குறைந்த நாட்கள்தான் முடியும் என்றால் கோடை விடுமுறையில் நடத்தலாம். முதல் நாள் இரவு அடுப்பை அணைத்தவன் மறுநாள் காலை அதை மூட்டக்கூடாது. காலைக்கு வேறு ஆள் வேண்டும். அதற்குக் கூலி கட்டுப்படியாகாது என்றால் கதவு பூட்டியே இருக்கலாம்.

விலை என்ன வைப்பார்கள் என்பது அவர்கள் பாடு. மாலை உணவைவிடக் குறைவாக இருந்தால், வாணவேடிக்கை இல்லாவிட்டாலும் அந்த 15ஆம் மாடிச் சாளரத்தருகே ஒருமுறை உட்கார நினைக்கும் நடுத்தரக் குடும்பத்துக்கும் இடம் கிடைக்கும். அங்கும் வருடக்கணக்கில் காசு சேர்த்துப் பிள்ளைகளைக் கூட்டி வருகிறவர்கள் உண்டு.

என் பட்டியலை மாஸ்டரிடம் காட்டினேன். வாசித்துவிட்டுப் பேனாவை வாங்கி, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வரி எழுதினார்: “10 மணி – வேலையாட்கள் சாப்பாடு.” பிறகு முட்டை வகையில் இரண்டை அடித்துவிட்டு உள்ளே போனார்.