ஒத்தை விரல் ஜேமர்சன்

பேஸ் கிதாரை ரெண்டு விரலால் மாத்தி மாத்தி மீட்டுவதுதான் வழக்கம். டெட்ராய்ட்காரர் ஜேம்ஸ் ஜேமர்சனுக்கு ஆள்காட்டி விரல் ஒன்றே போதும்! அந்த விரலுக்குப் பட்டப்பெயரே 'கொக்கி'. நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய டபுள் பேஸில் பழகிய கை அது.

தந்தி அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார். பழைய தந்தி என்பதால் சத்தம் கணீரென்று கேட்காது, கும்மென்று இருக்கும். அழுத்தாத வெறுந்தந்தியையும் நடுநடுவே தட்டிக்கொண்டே ஓடுவார்.

1960களில் மோடவுன் கம்பெனியின் எத்தனையோ ஹிட் பாட்டுகளில் பேஸ் இவர்தான். ஆனால் இசைத்தட்டு உறையில் பெயர் இருக்காது. 1971இல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்தில் பெயர் போட்டார்கள். 1983இல், 47 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

பேர் போடாத அந்தப் பாட்டுகளைக் கேட்டுப் பாருங்கள். விரல் காட்டிக்கொடுத்துவிடும்.