புது ரிவால்வருக்கு எண்ணெய்க் குளியல்

புதுப் புடவையை ஒரு தடவை தண்ணீரில் நனைத்து உலர்த்திவிட்டுக் கட்டுவார்கள். புது தோசைக்கல்லை நாலு நாள் எண்ணெய் தடவிப் பழக்குவார்கள். புது அம்மியில் முதலில் மசாலா அரைக்கிற வீடு உருப்படாது; தவிடுதான். அவ்வளவு ஏன், புது மாப்பிள்ளையைக்கூட மூன்று விருந்து போட்ட பிறகுதான் ரேஷன் கடைக்கு அனுப்புகிறார்கள்!

புதுத் துப்பாக்கிக்கும் இப்படி ஒரு சடங்கு இருக்கிறது ஸார். 'இவனுக்கு எப்படித் தெரியும்?' என்று சந்தேகப்பட வேண்டாம். நான் வெறும் பி.காம். டெபிட், கிரெடிட் தவிர வேறு எந்த வெடிச் சமாச்சாரமும் அறியாதவன். எல்லாம் தூத்துக்குடிப் பெரியப்பா உபயம்.

பெரியப்பாவுக்கு உப்பளம். சனிக்கிழமை சாயங்காலம் கூலி. நாற்பது ஐம்பது பேருக்கு ஒரு வாரக் கூலியை மஞ்சள் பையில் சுருட்டிக்கொண்டு, ஆள் அரவமில்லாத உப்பளப் பாதையில் மொபெட்டில் போவார். 2022-ல் ஒரு சனிக்கிழமை பைக்கில் வந்த இரண்டு பேர் பையைப் பிடுங்க, பெரியப்பா விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தது. பை போனது. கூலியைக் கடன் வாங்கி மறுநாள் கொடுத்தார்.

"பேங்க்ல போட்டுடலாமே பெரியப்பா?" என்றேன், படித்த திமிரில். பெரியப்பா பதில் சொல்லவில்லை. அளத்தில் வேலை பார்க்கும் ஒரு அக்கா சொன்னார்: "பேங்க் அட்டை எங்க வீட்டுக்காரர் சட்டைப் பையில கெடக்கு தம்பி. கையில வாங்குனாத்தான் அது என் காசு." அதற்கு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் பதில் இல்லை. ஆக, பணம் பணமாகவேதான் போக வேண்டும். பெரியப்பா துப்பாக்கி லைசென்ஸுக்கு மனுப் போட்டார்.

நம் நாட்டில் துப்பாக்கி வாங்குவதைவிட துப்பாக்கியால் குறி பார்த்து அடிப்பது சுலபம். 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டம், 2016-ம் வருஷத்து விதிகள், போலீஸ் விசாரணை, கையாளத் தெரியும் என்று பயிற்சிச் சான்றிதழ், பத்திரமாகப் பூட்டி வைப்பேன் என்று உறுதிமொழி... 2019-ல் சட்டத்தைத் திருத்தி, சாமானிய ஆளுக்கு இரண்டு துப்பாக்கிக்கு மேல் கூடாது, லைசென்ஸ் ஆயுள் ஐந்து வருஷம் என்று ஆக்கிவிட்டார்கள். "ரெண்டா? ஒண்ணே கழுத்தளவு!" என்றார் பெரியம்மா.

2024 பொங்கல் கழிந்து வந்து சேர்ந்தது ரிவால்வர். கான்பூர் சரக்கு. பாயின்ட் 32. ஆறு தோட்டா. பழைய வெப்ளி ரிவால்வர் வம்சம். மேலே ஒரு கொக்கியை அழுத்தினால், குழல் முன்பக்கம் கவிழ்ந்து, உருளை வாயைப் பிளந்துகொள்ளும். இதே கான்பூரில் 2014-ல் 'நிர்பீக்' என்று பெண்களுக்காக அரைக் கிலோ எடையில் ஒன்று செய்து, ஒரு லட்சத்து இருபத்திரண்டாயிரம் சொச்சம் விலை வைத்தார்கள். "அன்னைக்கு அந்தக் காசுக்கு அஞ்சு பவுன் வந்திருக்கும். கழுத்துல போட்டா அதைப் பறிக்க ஒருத்தன் வருவான். அவனைச் சுட இதை வாங்கணும். நல்லாயிருக்குவே உங்க ஏற்பாடு!" - பெரியம்மாவின் பொருளாதாரம்.

என்னை ஏன் கூப்பிட்டார்கள்? கூடவே வந்த இங்கிலீஷ் புத்தகத்தைப் படித்துச் சொல்ல. மேற்பார்வைக்கு பக்கத்துத் தெரு சுபேதார் மாமா. ராணுவத்தில் இருபத்தெட்டு வருஷம். வந்ததும் அவர் போட்ட முதல் உத்தரவு: "லைசென்ஸ் உங்க பேர்ல இருக்கு அண்ணாச்சி. தொடுதது நீங்க. படிக்கது தம்பி. நான் வாயால மட்டும் சொல்லுதேன்."

அதற்குள் பெரியம்மா சந்தனம், குங்குமம், கற்பூரத்தோடு தயார். புது வண்டிக்கே எலுமிச்சம்பழம் வைக்கிற ஊர். சுபேதார் பதறிவிட்டார். "மதினி, பெட்டிக்கு வையுங்க, பீரோவுக்கு வையுங்க, வேணும்னா எனக்கு வையுங்க. இரும்புல ஈரச் சந்தனம் பட்டா மூணாம் நாள் துரு!" பொட்டு அட்டைப் பெட்டிக்குப் போயிற்று.

"சரி, தொறந்து காலியான்னு பாருங்க."

"புதுசுதானே சுபேதார், காலியாத்தான் வந்திருக்கும்..." என்று சிரித்தார் பெரியப்பா.

சுபேதார் சிரிக்கவில்லை. "எனக்குப் பக்கத்துக் கட்டில்ல ஒரு பய இருந்தான் அண்ணாச்சி. இருபத்திரண்டு வயசு. 'காலிதான்'னு சொல்லிட்டு துடைக்க ஒக்காந்தான். அவங்க அம்மைக்கு லெட்டர் எழுதினது நான்தான்."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. வாசலில் முதல் வகுப்புப் படிக்கிற பேரன் ரோல் கேப் துப்பாக்கியால் வருகிறவர் போகிறவரையெல்லாம் 'டப் டப்' என்று சுட்டுக்கொண்டிருந்தான். பெரியம்மா அவனைப் பார்த்தார். பிறகு பெரியப்பாவைப் பார்த்தார். "அந்தத் தோட்டா டப்பா இந்த அறையில இருக்கக் கூடாது" என்று சொல்லி, தானே எடுத்துப் போய் உள்ளறையில் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார். சுபேதார் எழுந்து நின்று கும்பிட்டார். "இதைத்தான் மதினி சொல்ல வந்தேன். துடைக்கிற இடத்துல தோட்டாவே இருக்கப்படாது."

பெரியப்பா குழலைச் சுவர்ப் பக்கம் வைத்து, கொக்கியை அழுத்திப் பிளந்தார். பெரியம்மா குனிந்து ஒவ்வொரு ஓட்டையாக எண்ணினார். பணியாரச் சட்டியைப் பார்த்துப் பழகிய கண். "ஆறு. ஆறும் காலி." அன்று முதல் அந்த வீட்டில் அதுதான் சட்டம். பெரியம்மா எண்ணாமல் துணி தொடக் கூடாது.

புதுசை எதற்குத் துடைக்க வேண்டும்? எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. தொழிற்சாலையில் தடவி அனுப்புகிற எண்ணெய் வழுக்குவதற்காக அல்ல. கிடங்கிலும் லாரியிலும் துருப்பிடிக்காமல் இருப்பதற்காக. கெட்டியாக, பிசுபிசுவென்று, ஊறுகாய் ஜாடி வாய் மாதிரி இருக்கும். அதோடு கடைந்தெடுத்த இரும்புத் துகள் ஒன்றிரண்டு ஒட்டியிருக்கலாம். சோதனைக்குச் சுட்டுப் பார்த்த கரியும் இருக்கும். இதையெல்லாம் வைத்துக்கொண்டே சுட்டால் உருளை சுற்ற முரண்டு பிடிக்கலாம். ஆபத்து நேரத்தில் முரண்டு பிடிக்கிற துப்பாக்கி, கையில் இருக்கும் வெறும் முக்கால் கிலோ இரும்பு.

ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பை அணைத்து, ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் மண்ணெண்ணெய். பழைய டூத் பிரஷ். பெரியப்பாவின் நைந்த வேட்டியைச் சதுரம் சதுரமாகக் கிழித்தது. பட்டாளத்தில் அதற்கு 'சிந்தி' என்று பேராம். பிடி மட்டும் நனையாமல், உலோகத்தின் பிசுக்கையெல்லாம் பிரஷ்ஷால் கரைத்துத் துடைத்தார் பெரியப்பா. குழலுக்கு நீளக் கம்பி. தோட்டா புறப்படுகிற பின்பக்கத்திலிருந்துதான் நுழைக்க வேண்டும். வாய்ப் பக்கமிருந்து கம்பியை உரசினால், அந்த நுனியில் தேய்ந்து குறி தப்பும். முதல் துணி கறுப்பாக வந்தது. இரண்டாவது சாம்பல். ஐந்தாவது வெள்ளை. "இப்ப குளிச்சாச்சு. தலை துவட்டுங்க" என்றார் சுபேதார். மண்ணெண்ணெய் வாடை போகும்வரை காய்ந்த துணியால் துடைத்தோம். மன்னிக்கவும், துடைத்தார்.

எண்ணெய் விஷயத்தில்தான் வீடே இரண்டுபட்டது. பெரியம்மா தேங்காய் எண்ணெய்க் கட்சி. "கதவுக் கீலுக்கு அதைத்தானே விடுதோம்?" தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும். நாள்பட்டால் சிக்குப் பிடித்துப் பசையாகும். நானோ, எல்லாரும் கதவுக்கும் சைக்கிளுக்கும் பீய்ச்சுகிற டபிள்யூ.டி.-40 டப்பாவைச் சிபாரிசு செய்தேன். 1953-ல் அமெரிக்காவில் கண்டுபிடித்தது. அந்த 'டபிள்யூ.டி.'க்கு அர்த்தமே தண்ணீரை விரட்டுவது. நாற்பதாவது முயற்சியில் பலித்ததாம். "தண்ணிய வெரட்டட்டும் தம்பி. ஆனா அது போன பெறகு தங்கி நிக்க ஒரு எண்ணெய் வேணும்லா?" என்று சுபேதார் துப்பாக்கிக்கென்றே விற்கிற சின்னப் புட்டியை எடுத்து வைத்தார்.

எவ்வளவு விட வேண்டும்? பெரியப்பா, தீபாவளிக்குப் பிள்ளைகள் தலையில் வைக்கிற மாதிரி உள்ளங்கையில் ஊற்றப் போனார். "சொட்டு அண்ணாச்சி, சொட்டு!" உருளை சுழலுகிற அச்சுக்கு ஒன்று, குழல் கவிழ்கிற கீலுக்கு ஒன்று, சுத்தியல், விசை அசைகிற இடத்தில் ஊசிமுனை அளவு. வெளி உடம்பில் எண்ணெய்த் துணியால் ஒரு தடவல். அதிகமானால் உப்பளத்துத் தூசியெல்லாம் உள்ளே குடிவந்து அரைக்கும். தோட்டா உட்காருகிற ஆறு அறையும் காய்ந்தே இருக்க வேண்டும். எண்ணெய் தோட்டாவுக்குள் கசிந்தால், வேளை வரும்போது வெடிக்காமலே போகலாம்.

துப்பாக்கிப் பிசுக்கை லேசாக நினைக்க வேண்டாம். 1857-ல் என்ஃபீல்டு துப்பாக்கித் தோட்டாவின் காகித உறையில் மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவியிருக்கிறது என்ற பேச்சு சிப்பாய்களிடையே பரவியது. அதை வாயால் கடித்துத்தான் பிரிக்க வேண்டும். தோட்டாவை வாங்க மறுத்த மீரட் குதிரைப்படை வீரர்கள் 85 பேருக்கு விலங்கு பூட்டினார்கள். மறுநாள், மே 10, வடநாடு பற்றிக்கொண்டது. 'என்ன எண்ணெய், யார் தடவியது?' என்ற கேள்விக்கு ஒரு சாம்ராஜ்யமே ஆட்டம் கண்டது.

இவ்வளவு செய்து, ஒரு குண்டாவது சுட்டோமா? அதுதான் இல்லை! மார்ச் 16-ந் தேதி பார்லிமென்ட் தேர்தல் அறிவித்தார்கள். லைசென்ஸ் துப்பாக்கிகளைக் கொண்டுவந்து ஒப்படையுங்கள் என்று தகவல் வந்தது. பெரியப்பா, ஆசை ஆசையாய் வாங்கிய தோல் உறையில் செருகி, ரசீது வாங்கிக்கொண்டு வந்தார். ஏப்ரல் 19 ஓட்டு, ஜூன் 4 எண்ணிக்கை. திரும்பி வந்தபோது உறைக்குள் அதன் இடுப்பில் மிளகு அளவில் பழுப்பாக மூன்று புள்ளி.

பெரியப்பா முகம் வாடிவிட்டது. சுபேதார் உறையை முகர்ந்து பார்த்தார். "தோல் ஈரத்தை உறிஞ்சி வச்சுக்கிடும். பதம் போட்ட மருந்து வேற அதுல இருக்கும். உறை இடுப்புல கட்டத்தான், தூங்க வைக்க இல்ல. அதுவும் உப்புக் காத்து வீசுத ஊர்ல!" உப்பு வியாபாரியின் துப்பாக்கியை உப்பே தின்னப் பார்த்திருக்கிறது. மறுபடி பெரியம்மா ஆறு எண்ண, மறுபடி மண்ணெண்ணெய், மறுபடி சிந்தி. நல்லவேளை, மேலோடு போயிற்று. அது முதல் படுக்கை ஒரு மெல்லிய எண்ணெய்த் துணியில். கூடவே புதுச் செருப்பு டப்பாவில் வருகிற, ஈரம் உறிஞ்சும் மணிப் பொட்டலம் நாலு. கணக்குப்படி, முதல் குண்டுக்கு முன்னாலேயே இரண்டு எண்ணெய்க் குளியல் கண்ட ரிவால்வர் அது.

ஜூலையில்தான் ரைஃபிள் கிளப் மைதானம். சுடுவதற்கு முன்னால் குழலில் ஒரு காய்ந்த துணி ஓட்டி எண்ணெயை எடுத்துவிட்டு, பெரியப்பா ஆறு குண்டு சுட்டார். இரண்டு அட்டையில் பட்டன. நாலு மண்மேட்டுக்கு. முறிந்து கூடிய தோள் வலித்திருக்க வேண்டும், சொல்லவில்லை. ஆனால் உருளை ஆறு தடவையும் தயங்காமல் சுற்றியது. ஈயத் தூசி போக சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் மூன்றாவது குளியல்.

தோட்டாக் கணக்கு எழுதுவது என் பொறுப்பு. வாங்கியது 25. செலவு 6. இருப்பு 19. ஒவ்வொரு சனிக்கிழமையும் பெரியப்பா கிளம்பும்போதும் எண்ணிக்கை, திரும்பி வந்ததும் எண்ணிக்கை. இரண்டையும் பெரியம்மாதான் செய்கிறார். நாற்பது ஐம்பது வீட்டில் உலை ஏறியதும், ரிவால்வர் ஒரு பூட்டுக்குள்ளும் தோட்டா இன்னொரு பூட்டுக்குள்ளும் போய்விடுகின்றன. பேரன் கையில் இப்போது பம்பரம்.

கல்லூரியில், அசையாத சரக்கு வியாபாரத்துக்கு நஷ்டம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். போன வாரம் நோட்டைப் புரட்டிய பெரியம்மா, வரிசையாக 19, 19, 19 என்று இருந்ததைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இந்த நம்பர் மட்டும் மாறவே வேண்டாம் ராசா. மாசா மாசம் எண்ணெய்ச் செலவை மட்டும் எழுதிக்கிட்டே இரு."