பரம்பரை அலகும் பரம்பரை நோயும்

நம் நாட்டுப் பாடநூல்களில் 'பரம்பரை அலகு' என்றொரு சொல் வழங்குகின்றது. தமிழ்நாட்டார் அதனையே 'மரபணு' என்பர். இரண்டும் நல்ல சொற்களே. பெற்றோரின் இயல்புகள் பிள்ளைகளுக்கு எவ்வாறு வருகின்றன என்று அறிஞர்கள் ஆராயப் புகுந்தபோதே இப்பொருள் முதலில் புலப்பட்டது. ஆதலால் அப்பெயர் வாய்த்தது. ஆயினும், பரம்பரையைக் கடத்துவது மட்டுமே அதன் தொழில் அன்று. நாம் உண்ணும்போதும் உறங்கும்போதும் உடலின் கலங்களுள் அது ஓயாது பணி செய்துகொண்டிருக்கின்றது. அப்பணியில் நேரும் பிழையொன்று பெற்றோரிடமிருந்து வந்ததாகவோ, பிள்ளைகளுக்குச் செல்வதாகவோ இருக்கவேண்டும் என்ற நியதி இல்லை. இச்சிறு வேறுபாடு விளங்காமையால் ஒரு பெண்ணின் வாழ்வு தடைப்பட இருந்ததை அண்மையில் கண்டேன். அதுவே இதனை எழுதத் தூண்டிற்று.

மட்டக்களப்பு வாவியின் மேற்குப் புறத்தைப் படுவான்கரை என்று வழங்குகிறோம். அங்கே வேளாண்மை செய்யும் இளைஞர் ஒருவர் முன்னர் என்னிடம் உயிரியல் கற்றவர். ஒருநாள் மாலை அவர் என் வீட்டுக்கு வந்து, நெடுநேரம் பேசாமல் இருந்தார். அவருடைய தங்கைக்குச் சில ஆண்டுகளின் முன் முரசிலிருந்து இரத்தம் கசிந்தது. கைகால்களில் நீலத் தழும்புகள் தோன்றின. மகரகம வைத்தியசாலையில் குருதிப் புற்றுநோய் என்று கண்டு சிகிச்சை செய்தார்கள். பெண் முற்றாகக் குணமடைந்து, இன்று சிறு பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக் கொடுத்து வருகிறாள். திருமணப் பேச்சு எழுந்தபோது பழைய வைத்தியத் துண்டு ஒன்று மாப்பிள்ளை வீட்டார் கைக்கு எட்டியிருக்கிறது.

"சேர், பரம்பரை அலகிலே கோளாறு என்று அதிலே இருக்கிறதாம். குடியிலே உள்ள நோய் என்று பேசுகிறார்கள். நான் என்ன மறுமொழி சொல்ல?" என்று கேட்டார்.

எங்கள் பகுதியில் குடி என்பது தாய்வழியாக எண்ணப்படுவது. ஆகவே அந்தப் பேச்சு அப்பெண்ணோடு நின்றுவிடாது. அவளுடைய தாய், தாயின் சகோதரிகள், அவர்களுடைய பெண்மக்கள் ஆகிய அத்தனை பேர் மீதும் படியும். அந்த இளைஞரின் முகத்தில் இருந்த கவலை ஒரு தங்கையைப் பற்றியது மட்டும் அன்று.

அவருக்கு நான் கூறியவற்றையே இங்கும் கூறுகிறேன். குருதி பிறக்கும் இடம் எலும்புகளின் உள்ளே இருக்கும் என்புமச்சை. செங்குழியம் ஒன்றின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். இறப்பனவற்றை ஈடுசெய்ய, செக்கனுக்கு ஏறத்தாழ 20 இலட்சம் செங்குழியங்கள் புதிதாகப் பிறக்கவேண்டும். இவற்றோடு நோய்க்கிருமிகளை எதிர்க்கும் வெண்குழியங்களும், இரத்தப் பெருக்கை நிறுத்தும் சிறுதட்டுகளும் அங்கேயே பிறக்கின்றன. இவ்வளவுக்கும் வித்தாக இருப்பவை தொகையிற் குறைந்த மூலக்கலங்களே. கனடாவின் ரொறன்ரோ நகரில் ஜேம்ஸ் ரில், ஏர்னஸ்ட் மக்கலக் என்னும் இருவர் 1961 ஆம் ஆண்டில் இதற்குச் சான்று கண்டனர். கதிர்வீச்சினால் மச்சை அழிந்த எலிகளுக்கு வேறு எலிகளின் மச்சையை ஏற்றியபோது, அவற்றின் மண்ணீரலிலே சிறு கணுக்கள் முளைத்தன. அத்தகைய கணு ஒரு தனிக்கலத்தின் வழித்தோன்றலே என்பது 1963 இல் காட்டப்பட்டது.

இங்கே ஒரு வினா எழுகின்றது. ஒரே மூலக்கலத்தின் மக்கள் ஒன்று செங்குழியமாகவும் ஒன்று வெண்குழியமாகவும் ஆவது எங்ஙனம்? மனிதக் கலத்தினுள் ஏறத்தாழ 20,000 பரம்பரை அலகுகள் உள்ளன. செங்குழியம் ஆகப்போகும் கலத்திலும் அவை யாவும் உள்ளன. வெண்குழியம் ஆகப்போகும் கலத்திலும் உள்ளன. வேறுபாடு அலகுகளில் இல்லை. எவை திறந்திருக்கின்றன, எவை அடைபட்டிருக்கின்றன என்பதிலேயே இருக்கின்றது.

வயல் செய்பவர்க்கு இது புதுமையன்று. உன்னிச்சைக் குளத்து நீர் வாய்க்கால் வழியே வருகின்றது. எந்த வக்கடையை எப்பொழுது வெட்டுவது, எதனை அடைப்பது என்பதை ஒழுங்கு செய்ய வட்டவிதானையார் இருக்கிறார். அவர் ஒழுங்கு தவறினால் ஒரு வயல் மூழ்க, மற்றொரு வயல் வெடித்துக் கிடக்கும். நீரிற் குற்றமில்லை; மண்ணிற் குற்றமில்லை. கலத்தினுள்ளும் இத்தகைய விதானைமார் உண்டு. அவை சில புரதங்கள். 'காட்டா-1' என்னும் புரதம் செங்குழியத்துக்கு வேண்டிய அலகுகளைத் திறந்துவிடும். 'பி.யூ.1' என்னும் புரதம் வெண்குழிய வகைகள் சிலவற்றுக்கான அலகுகளைத் திறந்துவிடும். இவ்விரண்டும் ஒன்றையொன்று அடக்க முயல்வன. எது மேலோங்குகின்றதோ அதன் வழியே கலம் செல்லும்.

குருதிப் புற்றுநோய்களிற் பல இந்த ஒழுங்கின் சிதைவே. ஜேர்மானிய அறிஞர் விர்க்கோ 1847 இல் 'வெண்குருதி' என்னும் பொருள்பட இந்நோய்க்குப் பெயரிட்டார். வெண்கலங்கள் மிகுவதையே அந்நாளிற் கண்டார்கள். மிகுதி மட்டும் நோயன்று என்பது பின்னர்த் தெளிவாயிற்று. கடும் வகைகளில், கலங்கள் முதிர்ச்சி அடைவதற்கு முன்பே தடைப்பட்டு நின்று, பெருகிக்கொண்டே போகின்றன. முதிராத கலம் கிருமியை எதிர்க்காது. அதன் நெரிசலில் செங்குழியங்களும் சிறுதட்டுகளும் குறைந்துபோகும். வெளிறலும் காய்ச்சலும் இரத்தக் கசிவும் வருவது இதனாலேயே.

அந்தப் பெண்ணுக்கு வந்தது அவற்றுள் ஒரு சிறப்பு வகை. நோர்வேயைச் சேர்ந்த ஹில்லெஸ்ராட் என்னும் மருத்துவர் 1957 இல் மூன்று நோயாளரைக் கொண்டு அதனைத் தனி நோயாக விவரித்தார். சில வாரங்களிலேயே உயிரைப் பறிக்கும் கொடிய நோய் அது. 1977 இல் சிக்காகோவில் ஜனெற் றௌலி அம்மையாரும் அவர்தம் குழுவினரும் நோயுற்ற கலங்களை ஆராய்ந்து, 15 ஆம் நிறமூர்த்தத்தின் துண்டும் 17 ஆம் நிறமூர்த்தத்தின் துண்டும் இடம் மாறியிருப்பதை அறிவித்தனர். 17 ஆவதில் உடைபட்ட அலகு எது தெரியுமா? விற்றமின் ஏ-யிலிருந்து உடல் ஆக்கும் ரெற்றினோயிக் அமிலத்தின் கட்டளையை ஏற்று, முதிர்ச்சிக்குரிய அலகுகளைத் திறந்துவிடும் ஒரு விதானைப் புரதத்தின் அலகு. அது வேறொன்றோடு தவறாக ஒட்டிக்கொண்டமையால், கட்டளை வந்தும் திறவாத காவலாளாயிற்று.

இக்காரணம் முழுவதும் விளங்கும் முன்னரே, ஷங்காய் நகரின் ருயிஜின் வைத்தியசாலையில் வாங் சென்யி என்னும் மருத்துவர், கலங்களைக் கொல்வதற்குப் பதிலாக முதிரச் செய்தால் என்ன என்று எண்ணி, அந்த அமிலத்தின் ஒரு வகையை நோயாளருக்குக் கொடுத்தார். 1988 இல் அவர் குழுவினர் வெளியிட்ட அறிக்கையின்படி 24 பேரில் 23 பேர் அம்மருந்து ஒன்றினாலேயே நோயின் அடையாளம் மறைந்து தேறினர். மருந்து மிகுதியாகச் சென்றபோது காவல் தளர்ந்தது. தடைப்பட்ட கலங்கள் முதிர்ந்து, தமக்குரிய ஆயுளை முடித்து மறைந்தன.

மற்றொரு மருந்தின் வரலாறு நமக்கு இன்னும் அண்மையது. சித்த வைத்தியர் அறிந்த வெள்ளைப் பாஷாணமே அது. சீனத்தின் ஹார்பின் நகர மருத்துவர்கள் 1970 களில் அதனை இந்நோய்க்கு ஆராய்ந்தனர். நம்மவர் பலர் கடல் கடந்து சென்று சிகிச்சை பெறும் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி வைத்தியசாலையில், 1998 முதல் 2004 வரை 72 பேருக்கு அம்மருந்து ஒன்றையே கொண்டு சிகிச்சை செய்தார்கள். 62 பேர் தேறினர். விக்ரம் மத்யூஸ் முதலிய மருத்துவர்கள் 2006 இல் இதனை வெளியிட்டபோது, விலையுயர்ந்த சிகிச்சைக்கு வழியற்ற நாடுகளுக்கு அது பெரும் நற்செய்தியாயிற்று. அந்தப் பிழைபட்ட புரதத்தையே பாஷாணம் அழியச் செய்கின்றது. 2013 இல் இத்தாலியரும் ஜேர்மானியரும் இரு மருந்துகளையும் சேர்த்து, நோயின் கடுமை மிகாதவர்களுக்குக் கொடுத்து ஆராய்ந்தனர். ஈராண்டின் பின்னும் 100 க்கு 97 பேர் நோய் திரும்பாமல் இருந்தனர். அளவும் இதயத் துடிப்பும் கணந்தோறும் கவனிக்கப்படும் வைத்தியசாலையிலேயே இது மருந்து. வேறிடத்தில் நஞ்சு என்பதை மறத்தலாகாது. எல்லாக் குருதிப் புற்றுநோய்களும் இவ்வாறு வசப்படுவனவும் அல்ல.

இனி, அந்த இளைஞரின் வினாவுக்கு வருவோம். இந்த நிறமூர்த்த மாற்றம் கருவிலே வந்ததன்று. தாய் தந்தையரிடம் இருந்ததும் அன்று. வாழ்நாளில் ஒருநாள், என்புமச்சையின் ஒரு கலத்தில் நேர்ந்தது. அக்கலத்தின் வழித்தோன்றல்களில் மட்டும் அது இருந்தது. தோலில் இல்லை, பிள்ளைக்கு வித்தாகும் முட்டைக் கலத்திலும் இல்லை. சிகிச்சையின் பின் அந்த மாற்றம் குருதியிற் காணப்படவில்லை என்ற அறிக்கையையும் அவர் கொண்டுவந்திருந்தார்.

அடுத்த வாரம், இரு வீட்டாரும் இசைய, நானும் உடன் சென்றேன். மாப்பிள்ளையின் பெரியம்மாவே அவ்வீட்டில் முடிவு சொல்பவர். வக்கடையைப் பற்றியும் விதானையைப் பற்றியும் நான் சொல்லியதைப் பொறுமையோடு கேட்டார். பின்பு அந்த அறிக்கையைப் பற்றிக் கேட்டார். மாற்றம் மறைந்துவிட்டது என்றேன். அவர் சற்று யோசித்து, "குடியிலே உள்ளது குளிசையிலே போகாதே, சேர்!" என்றார்.

நான் ஒரு மணி நேரம் சொன்னதன் சாரம் அதுவே. பிறப்பிலே வந்த மாற்றம் உடலின் எல்லாக் கலங்களிலும் இருக்கும். எந்தக் குளிசையும் அதனை முற்றாக நீக்கிவிடாது. பேச்சு இன்னும் முடிவாகவில்லை. சீதனமும் சாதகமும் இருக்கின்றன அல்லவா? ஆனால் நோயைப் பற்றிய பேச்சு அன்றோடு நின்றது.

மிகச் சில குடும்பங்களில் குருதிப் புற்றுநோய்க்கான சார்பு வழிவழி வருவதும் உண்டு. அதனை வைத்தியர் ஆராய்ந்து சொல்வர். உண்மையிலேயே பரம்பரையாக வரும் குருதி நோயும் நம் நாட்டில் உண்டு. தலசீமியா என்னும் அந்நோயால் பிள்ளைகள் மாதந்தோறும் இரத்தம் ஏற்றிக்கொண்டு வாழ்கிறார்கள். தாயும் தந்தையும் அதன் காவிகளாக இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து உண்டு. காவியாக இருப்பவர் பார்வைக்கு நலமாகவே இருப்பார். தாய்வழிக் குடியை மட்டும் விசாரித்து இதனை அறிய முடியாது. திருமணத்துக்கு முன் ஓர் எளிய இரத்தப் பரிசோதனை போதும். நோயிலிருந்து மீண்ட பெண்ணிடம் குடி கேட்கும் நாம், நம் பிள்ளைகள் இருவருக்கும் இப்பரிசோதனையைச் செய்வித்தோமா என்று கேட்பதில்லை.

மாணவர்கள் 'பரம்பரை அலகு' என்னும் சொல்லைக் கற்கும்போது அதன் இரு தொழில்களையும் சேர்த்தே கற்க வேண்டும்: அது வழிவழி வருவது, அன்றியும், அன்றாடம் திறந்தும் மூடியும் உடலை நடத்துவது. முதலாவதை மட்டும் அறிந்தவர் நோயாளியைக் கண்டால் அவருடைய முன்னோரை நோக்குவார். இரண்டாவதையும் அறிந்தவர் அவருக்குரிய மருந்தை நோக்குவார். வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு இதனை எடுத்துச் சொல்லும் கடமையும் கற்ற பிள்ளைகளையே சாரும்.